தொப்பியின் உட்புறம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறுகதை எழுதினேன். தலைப்பு 'துரையின் தொப்பி'. ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்புகிறார். பங்களாவில் அவருடைய தொப்பி மட்டும் ஆணியில் தொங்குகிறது. வேலைக்காரியின் மகன் அதை எடுத்துத் தலையில் வைத்துப் பார்க்கிறான். தொப்பி அவனுக்குப் பெரிது. கண்ணை மறைத்துவிடுகிறது. அத்தோடு கதை முடிகிறது. அதிகாரம் கைமாறும்போது நம்மவன் குருடாகிவிடுகிறான் என்று வாசகர் புரிந்துகொள்ள வேண்டுமாம். இரண்டு இதழ்களுக்கு அனுப்பினேன். இரண்டிலும் வரவில்லை. அப்போது கோபம் வந்தது. இப்போது அந்த ஆசிரியர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

நம் கதைகளிலும் கட்டுரைகளிலும் பழைய பொருள்கள் எப்படி வருகின்றன என்பதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். அடுத்தவர் கதையைப் பிடித்துக் குறை சொல்வதைவிட என் கதையையே மேசைமேல் வைத்துவிடுவது நல்லது. அது ஏன் பொய்யான கதை என்று எனக்குக் காட்டிக் கொடுத்தது விமர்சகர் அல்ல, ஒரு தொப்பி.

நான் பழைய தொப்பிகளைச் சேகரிக்கிறேன். பெரிய சேகரிப்பு ஒன்றும் இல்லை. மொத்தம் பதினோரு தொப்பிகள். ஃபெல்ட் தொப்பிகள் நான்கு, வைக்கோல் தொப்பி ஒன்று, சொங்கோக் மூன்று, 'டோப்பி' என்று சொல்லப்படும் காக்கி நிறக் கெட்டித் தொப்பிகள் மூன்று. "தலை ஒன்னுதானே இருக்கு, எதுக்கு இத்தனை?" என்று அம்மா கேட்பார். பதில் இல்லை. பழைய பொருள் சந்தைகளில் ஞாயிறு காலையில் சுற்றுவது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். அப்படிச் சுற்றியபோது 120 வெள்ளி கொடுத்து வாங்கியதுதான் கதையில் வரும் தொப்பி. விற்றவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஓராங் பூத்தே பூஞா." வெள்ளைக்காரனுடையது. மீதிக் கதையை நானே எழுதிக்கொண்டேன்.

*

தொப்பியை வாசிப்பதற்கு உலக இலக்கியத்தில் மிகப் புகழ்பெற்ற உதாரணம் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் இருக்கிறது. 1892 ஜனவரியில் வெளிவந்த 'தி அட்வென்ச்சர் ஆஃப் த புளூ கார்பங்கிள்'. தெருச் சண்டையில் யாரோ விட்டுவிட்டுப் போன பழைய கெட்டி ஃபெல்ட் தொப்பி ஒன்று ஹோம்ஸிடம் வருகிறது. வாட்சன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹோம்ஸோ சொந்தக்காரரின் வாழ்க்கையையே சொல்லிவிடுகிறார்.

எப்படிச் சொல்கிறார் என்பதைக் கவனித்தால் சுவாரசியமாக இருக்கும். தொப்பியின் வடிவம் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பாணி. பட்டுப் பட்டையும் உள்துணியும் விலை உயர்ந்தவை. அப்போது பணம் இருந்தவர், பிறகு புதுத் தொப்பி வாங்கவில்லை என்றால் இப்போது பணம் இல்லை. காற்றில் பறக்காமல் இருக்கக் கயிறு மாட்டும் வளையம் தனியாகச் செய்து போடப்பட்டிருக்கிறது. ஆனால் அறுந்த எலாஸ்டிக்கை மாற்றவில்லை. முன்பு இருந்த முன்யோசனை இப்போது குறைந்துவிட்டது. கறைகளை மையால் பூசி மறைத்திருக்கிறார். ஆக, மானம் இன்னும் மிச்சமிருக்கிறது. கொழுப்பு மெழுகுவர்த்தியின் சொட்டுகள் ஐந்து இருக்கின்றன. ஆகவே வீட்டில் கேஸ் விளக்கு இல்லை.

இதுவரை எல்லாமே அபாரம். நான் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். உடைந்து திரும்பி வரும் பாகங்களைப் பார்த்து ஏன் உடைந்தது என்று அறிக்கை எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒரு விரிவுரையாளர் சொல்லிக் கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. அறிக்கைத் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரி. இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் நினைத்தது. இரண்டையும் கலக்காதே. ஹோம்ஸ் அந்த விரிவுரையாளரின் நல்ல மாணவர் மாதிரிதான் நடந்துகொள்கிறார். மெழுகுச் சொட்டு இடது பக்கம், கேஸ் இல்லாத வீடு வலது பக்கம்.

ஆனால் ஓர் இடத்தில் கோடு அழிந்துவிடுகிறது. இந்த மனிதர் அறிவாளி என்று எப்படித் தெரியும் என்று வாட்சன் கேட்கிறார். ஹோம்ஸ் தொப்பியைத் தன் தலையில் வைத்துக் காட்டுகிறார். அது நெற்றியைத் தாண்டி மூக்கில் வந்து நிற்கிறது. இவ்வளவு பெரிய மண்டைக்குள் ஏதாவது இருந்துதானே ஆகவேண்டும் என்பது அவருடைய வாதம்.

மண்டையின் கொள்ளளவு கூடினால் அறிவு கூடும் என்பது அந்தத் தொப்பியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஹோம்ஸ் அதைத் தன் காலத்திலிருந்து கொண்டுவந்தார். மண்டை ஓடுகளை அளந்து இனங்களை வரிசைப்படுத்திய நூற்றாண்டு அது. இதில் வேடிக்கை என்னவென்றால், கதையும் அவர் பக்கம் நிற்கிறது. சொந்தக்காரர் கடைசியில் பெரிய தலையோடும் அறிவு களை பொருந்திய முகத்தோடும் கதவைத் திறந்துகொண்டு வருகிறார். வாசகனும் சந்தேகப்படுவதில்லை. ஐந்து சரியான ஊகங்களுக்கு நடுவே ஒரு தவறான நம்பிக்கையை வைத்தால் அது ஆறாவது உண்மையாகிவிடும்.

என் கதையிலும் தொப்பி பையனின் கண்ணை மறைத்தது நினைவிருக்கிறதா? பெரிய தலை, சின்னத் தலை. ஹோம்ஸ் செய்த அதே காரியத்தைத்தான் நூற்று முப்பது வருடம் கழித்து நானும் செய்திருக்கிறேன். காலனியத்துக்கு எதிராக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, துரைக்குப் பெரிய மண்டையைக் கொடுத்துவிட்டேன்.

*

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. டோப்பி என்ற அந்தத் தொப்பி உருவானதே மண்டையைப் பற்றிய ஒரு நம்பிக்கையால்தான்.

முதலில் அது எதனால் ஆனது என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இதை 'சோலா டோப்பி' என்பார்கள். பலர் 'சோலார்' என்று நினைத்து, சூரியனுக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சோலா என்பது வங்காளச் சதுப்பு நிலங்களில் வளரும் ஒரு செடி. நமக்கு வேறு பெயரில் தெரிந்த செடிதான்: நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோயிலின் சிறிய மாதிரியை வெள்ளை வெளேரென்று செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பார்களே, அந்த நெட்டி. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையும் அதில் செய்வதுதான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நெட்டித் தண்டின் மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளைச் சோறு. அதை மெல்லிய ஏடுகளாகச் சீவி, மர அச்சின்மேல் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து கழற்றி விளிம்பை வெட்டி, வெளியே காக்கி அல்லது வெள்ளைத் துணி போர்த்துவார்கள். விளிம்பின் அடியில் பெரும்பாலும் பச்சைத் துணி இருக்கும். தலையைச் சுற்றிவரும் தோல் பட்டையை நேராக ஒட்டாமல் சிறு துண்டுகள் வைத்துத் தள்ளிப் பொருத்துவார்கள். அந்த இடைவெளியில் காற்று மேலே ஏறி, உச்சியில் உள்ள குமிழின் ஓட்டை வழியே வெளியேறும். பொறியாளனாகச் சொல்கிறேன், இது நல்ல வடிவமைப்பு. நெட்டிச் சோறு முழுக்கக் காற்றறைகள் என்பதால் வெப்பத்தைக் கடத்தாது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஒரே குறை, மழை. நெட்டி தண்ணீரைக் குடித்து ஊறிவிடும். அதனால்தான் ஐரோப்பாவில் இதே தொப்பியைத் தக்கையில் செய்தார்கள். தக்கை கனம், ஆனால் உறுதி. சேகரிப்பவர்கள் விளிம்பில் உடைந்த இடத்தைத் தேடுவது இதற்காகத்தான். உள்ளே வெள்ளையாக, மென்மையாக இருந்தால் நெட்டி. பழுப்பாக, மணல்மணலாக இருந்தால் தக்கை.

செய்நேர்த்தி இவ்வளவு. இனி நம்பிக்கை. வெப்பமண்டலத்து வெயிலில் ஏதோ விசேஷமான விஷம் இருக்கிறது, அது மண்டை ஓட்டைத் துளைத்து மூளைக்குள் போய்விடும், வெள்ளைக்காரர்களின் மண்டை அதைத் தாங்காது என்று மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர் சார்லஸ் வுட்ரஃப் 1905-ல் வெப்பமண்டல ஒளி வெள்ளையர்களை என்ன செய்யும் என்று ஒரு புத்தகமே எழுதினார். உள்ளூர்க்காரர்களுக்கு மண்டை கெட்டி, அதனால் அவர்களுக்குத் தொப்பி தேவையில்லை என்பதும் இந்த நம்பிக்கையின் ஒரு பகுதி. வெயிலில் குனிந்து வேலை செய்பவர்களுக்கு நிழல் தரவேண்டிய அவசியம் இல்லை என்று ஆகிவிடுகிறது அல்லவா? வசதியான அறிவியல்.

இந்த நம்பிக்கையைப் பிரித்துப் போட்டவர் ஜார்ஜ் ஆர்வெல். 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர், டோப்பி அணிந்தவர். 1944-ல் 'ட்ரிப்யூன்' வார இதழில் எழுதிவந்த பத்தியில் இதைப் பற்றிச் சில பாராக்கள் எழுதினார். ஒருநாள் அவருடைய தொப்பி காற்றில் பறந்து ஓடையில் போய்விட்டது. நாள் முழுக்க வெறுந்தலையோடு நடந்தார். ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு அவர் சான்றுகளைக் கவனிக்கத் தொடங்குகிறார். கப்பலின் பாய்மரங்களில் வேலை செய்யும் வெள்ளை மாலுமிகள் வெறுந்தலையோடுதான் இருக்கிறார்கள். வெப்பத்தாக்கு ஆசியர்களுக்கும் வருகிறது. அதிகமாக வருவது கப்பலின் அடித்தளத்தில் நிலக்கரி அள்ளிப் போடுபவர்களுக்கு என்கிறார்கள், அங்கே வெயிலே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தொப்பியே சமீபத்தில் வந்தது. இந்தியாவுக்கு முதலில் வந்த ஐரோப்பியர்கள் இதை அறியாமலே வாழ்ந்தார்கள். இத்தனையையும் அடுக்கிவிட்டுத்தான் அவர் முடிவுக்கு வருகிறார்: சிறுபான்மையாக இருந்துகொண்டு பெரும்பான்மையை ஆள, ஆளப்படுபவர்கள் உடலாலேயே வேறுபட்டவர்கள் என்று நம்பவேண்டியிருந்தது. தொப்பி அந்த நம்பிக்கைக்கான சாதனம்.

இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. ஹோம்ஸ் அழித்த கோட்டை ஆர்வெல் திரும்பப் போடுகிறார். எனக்குத் தெரிந்து ஒரு தொப்பியைப் பற்றி எழுதப்பட்ட சிறந்த விமர்சனம் இந்தச் சில பாராக்கள்தான்.

இதற்குப் பத்து வருடம் முன்பே, 1934-ல் வந்த 'பர்மீஸ் டேஸ்' நாவலில் இதன் இன்னொரு முகத்தைக் காட்டியிருக்கிறார். அதில் ஃபிரான்சிஸ், சாமுவேல் என்று இரண்டு யூரேசியர்கள் வருகிறார்கள். வெள்ளையர்கள் சேர்த்துக்கொள்ளாத, பர்மியர்களோடும் சேராத ஏழைகள். இருவர் தலையிலும் மிகப் பெரிய டோப்பிகள். தங்களுக்கும் ஐரோப்பிய மண்டைதான் இருக்கிறது என்று ஊருக்கு நினைவூட்டவே அதைப் போடுகிறார்கள் என்று நாயகன் ஃப்ளோரி விளக்குகிறான். உண்மையான அதிகாரம் உள்ளவனைவிட, அதன் வாசலில் நிற்பவனுக்குத்தான் தொப்பி அதிகம் தேவைப்படுகிறது. இந்த இடத்தை முதல் தடவை வாசித்தபோது சிரித்துவிட்டுக் கடந்துபோனேன். பாட்டி ஒரு வார்த்தை சொல்லும்வரை அது எனக்குள் இறங்கவில்லை.

ஆர்வெலிடமும் ஒரு விடுபடல் இருக்கிறது. அந்தத் தொப்பியைச் செய்த கைகள் அவர் எழுத்தில் இல்லை. சதுப்பில் இறங்கி நெட்டியை அறுத்தவர், ஏட்டைச் சீவியவர், அச்சில் ஒட்டியவர். வெயிலைத் தாங்கும் கெட்டி மண்டைக்காரர்கள் என்று சொல்லப்பட்டவர்கள்தான், வெயிலைத் தாங்காத மண்டைகளுக்குத் தொப்பி செய்து கொடுத்தார்கள். இந்த முரண் தொப்பிக்குள்ளேயே இருக்கிறது. உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

*

என் 120 வெள்ளித் தொப்பியை நான் திருப்பிப் பார்த்தது கதை திரும்பி வந்த பிறகுதான். விளிம்பில் ஒரு மூலையில் துணி கிழிந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். நெட்டியும் இல்லை, தக்கையும் இல்லை. காகிதக் கூழை அழுத்திச் செய்த அட்டை. உள்பட்டை தோல் மாதிரித் தெரிந்தது, நகத்தால் கீறினால் பிளாஸ்டிக். தையல் நூல் நைலான். போருக்கு முந்தைய துரையின் தலையில் இது இருந்திருக்க முடியாது. விற்றவர் மீது தப்புச் சொல்ல முடியாது. அவர் சொன்னது ஒரு வார்த்தை. பத்துப் பக்கம் எழுதியது நான்.

அந்த வாரம் பாட்டியைப் பார்க்கப் போனபோது தொப்பியையும் எடுத்துப் போனேன். பாட்டிக்கு எண்பதை நெருங்குகிறது. இருபத்தெட்டு வருடம் மரம் வெட்டியவர்.

"பாட்டி, ஒங்க தொரை இந்த மாதிரித் தொப்பிதானே போட்டிருப்பாரு?"

கையில் வாங்கிப் பார்த்தார். "இதுவா? தொரை எங்கப்பா இதைப் போட்டாரு? அவரு ஜீப்புல வருவாரு. தலையில ஒன்னும் இருக்காது. சில நாளு துணித் தொப்பி இருக்கும். இந்தக் கெட்டித் தொப்பி பெரிய கிராணி போட்டுக்கிட்டு வருவாரு. தூரத்துல தொப்பி தெரிஞ்சாலே எங்களுக்கு வயித்தக் கலக்கும்."

"கிராணியா?"

"ஆமா. நம்ம ஆளுதான். தமிழுதான் பேசுவாரு."

என் கதை அந்த இடத்தில் செத்துப்போனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பிரிட்டிஷ் ராணுவம் டோப்பியைக் கைவிடத் தொடங்கிவிட்டது. பர்மாக் காட்டில் சண்டை போட்டவர்கள் மென்மையான தொப்பிக்கு மாறினார்கள். மண்டையைத் துளைக்கும் வெயில் என்ற நம்பிக்கையும் மெல்ல உதிர்ந்தது. ஆனால் பாட்டி வேலை செய்த அறுபதுகளில், துரை கழற்றிவிட்ட தொப்பி கிராணியின் தலையில் இருந்தது. ஃபிரான்சிஸும் சாமுவேலும் எங்கள் தோட்டத்துக்கே வந்துவிட்டார்கள், தமிழ் பேசிக்கொண்டு.

என் கதையில் ஏன் கிராணி இல்லை? யோசித்துப் பார்த்தால் பதில் சங்கடமானது. துரையைத் தீயவனாக எழுதுவது எளிது. அவர் போய்விட்டார், அவருடைய பேரன் வந்து என் கதையைப் படிக்கப்போவதில்லை. கிராணியின் பேரன் என்னோடு பள்ளியில் படித்திருக்கலாம். இந்த இதழையே வாசிக்கலாம். தொப்பியைத் துரையின் தலையில் வைத்ததால் என் கதை யாருக்கும் வலிக்காத கதையாகிவிட்டது. குறியீடு என்று நாம் பெருமையாகச் சொல்வது சில நேரங்களில் இப்படி ஒரு தப்பித்தல்தான். பொருள் என்ன சொல்கிறது என்று கேட்காமல், நமக்குப் பிடித்ததை அதன் வாயில் திணித்துவிடுகிறோம்.

*

குறியீட்டைப் போலவே இன்னொரு எளிய வழியும் இருக்கிறது, ஏக்கம். சேகரிப்பாளர்கள் அதிகம் விழும் குழி இது. நானும் விழுந்திருக்கிறேன்.

ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கு முன்பும் 'கடைசி சொங்கோக் தையல்காரர்' என்ற வகைக் கட்டுரைகள் வரும். பினாங்கில் சொங்கோக் தைத்தவர்களில் தமிழ் முஸ்லிம்களுக்கு முக்கியமான இடம் உண்டு. அதனால் தமிழிலும் இவற்றை ஆர்வத்தோடு பகிர்கிறோம். அச்சு ஒன்றுதான்: பழைய கடை வீடு, பழைய தையல் இயந்திரம், சன்னல் வெளிச்சம், சுருக்கம் விழுந்த கை. பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. இவருக்குப் பிறகு யார் என்ற கேள்வியோடு முடியும். 2008-ல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமானதிலிருந்து இப்படி எழுத இன்னும் தோதாகிவிட்டது.

இவற்றில் சொங்கோக் மட்டும் இருக்காது. அதாவது, அது எப்படி நிற்கிறது என்பது இருக்காது. நண்பனின் அத்தா பல வருடம் போட்டுப் பழசான ஒரு சொங்கோக்கை எனக்குக் கொடுத்தார். உச்சியின் தையல் விட்டிருந்தது. அவரிடம் கேட்டுவிட்டு மீதியையும் பிரித்துப் பார்த்தேன். வெளியே கறுப்பு வெல்வெட். உள்ளே சாட்டின். இரண்டுக்கும் நடுவில் செய்தித்தாள், பல மடிப்புகள். அந்தத் தாள்களையும் உள்துணியையும் சேர்த்து நெருக்கமான இணைக்கோடுகளாகத் தைத்திருந்தார்கள். விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு தாள் வளையும். பல தாள்களை நூலால் இறுக்கினால் பலகை. வெல்வெட்டின் மயிர் எல்லாப் பக்கமும் ஒரே திசையில் படிய வெட்டியிருந்தார். ஒரு துண்டு மாறினாலும் வெளிச்சத்தில் வேறு நிறமாகத் தெரிந்துவிடும்.

அந்தச் செய்தித்தாள் தமிழாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அருமையான முடிவு கிடைத்திருக்கும். இல்லை. சீனப் பத்திரிகை. பக்கத்துக் கடையில் கிடைத்ததை வாங்கித் தைத்திருக்கிறார். எனக்கு முதலில் ஏமாற்றம். பிறகு, எதற்காக ஏமாற்றம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஒரு தமிழ் முஸ்லிம், மலாய்க்காரர்களின் தலைக்கு, சீனப் பத்திரிகையை வைத்துத் தொப்பி தைத்திருக்கிறார். இதைவிட இந்த நாட்டைச் சொல்லும் பொருள் வேறு எது வேண்டும்? நான் தேடிப்போன சான்று கிடைக்காததால், கையில் இருந்த சான்றைத் தவறவிடப் பார்த்தேன்.

'கடைசிக் கைவினைஞர்' கட்டுரைகளில் வராத இன்னொன்று, கூலி. ஒரு சொங்கோக் தைக்க எத்தனை மணி நேரம், அது எவ்வளவுக்கு விற்கும், வாடகை போக என்ன மிஞ்சும்? இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு ஏன் ஆர்வமில்லை என்பது புதிராக இருக்காது.

பாரம்பரியக் கைவேலை என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் மயக்கிவிடுகிறது. என்னிடம் இருக்கும் ஃபெல்ட் தொப்பிகளில் இரண்டை நான் உறையிட்டுத்தான் வைத்திருக்கிறேன். பழைய ஃபெல்ட்டில் பாதரசம் இருக்கலாம். முயல் மயிரைத் திரட்டிக் கம்பளமாக்க, பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவுவார்கள். அதைச் சூடாக்கும்போது எழும் ஆவியை மூடிய பட்டறைக்குள் நாளெல்லாம் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும், மனம் கலங்கும். அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பெயர்போன டான்பரி நகரத்தின் பெயரிலேயே 'டான்பரி நடுக்கம்' என்று அதற்குப் பெயர் வந்தது. அந்த நாட்டில் 1941-ல்தான் இதற்கு முடிவு வந்தது. நாம் 'விண்டேஜ்' என்று மகிழும் அந்த மென்மைக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' 1865-ல் வந்தது. அதில் வரும் தொப்பிக்காரனை எல்லோருக்கும் தெரியும். கரோல் பாதரசத்தை மனதில் வைத்து எழுதினாரா என்பது வேறு விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது நீதிமன்றக் காட்சி. தொப்பியைக் கழற்று என்கிறார் ராஜா. இது என்னுடையது இல்லை என்கிறான் அவன். அப்படியானால் திருடியது என்று ராஜா முடிவு கட்டுகிறார். விற்பதற்காக வைத்திருக்கிறேன், எனக்கென்று ஒன்றும் கிடையாது, நான் தொப்பி செய்பவன் என்று விளக்குகிறான் அவன். பேசும்போது காலணி கழன்று விழும் அளவுக்கு நடுங்குகிறான். சிறுவயதில் இது நகைச்சுவை. இப்போது படித்தால், தொப்பி செய்பவரிடம் தொப்பி இல்லாத கதை.

*

இதற்கெல்லாம் பிறகு, தொழில் அழிகிறதே என்ற ஏக்கத்தை நான் முழுமனதோடு எழுத முடியவில்லை. காரணம் பாட்டிதான்.

மரம் வெட்டுவதும் கைவேலைதான். பட்டையை இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாகச் சீவ வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கத்தி இறங்கினால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் அப்புறம் பால் சரியாக வராது. இருட்டில், ஒரு மரத்துக்குச் சில விநாடிகளில், நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்தவர் அவர். எங்கள் தொழிற்சாலையில் அந்தத் துல்லியத்துக்கு இயந்திரம் வைத்திருக்கிறோம். அந்தத் திறமை எங்கள் குடும்பத்தில் அவரோடு நின்றுவிட்டது. அதற்காக யாரும் 'கடைசி' என்று கட்டுரை எழுதவில்லை. எனக்கும் வருத்தமில்லை. நான் அதைச் செய்யக்கூடாது என்பதற்காகத்தானே அவர் அதைச் செய்தார். சொங்கோக் தைப்பவரின் மகன் பொறியாளராகியிருந்தால், அந்த அப்பா தோற்றார் என்று நான் எப்படி எழுத முடியும்? ஒருவேளை அவர் தன் வாழ்க்கையில் ஜெயித்த இடமே அதுவாக இருக்கலாம்.

அப்படியானால் பழைய பொருள்களைப் பற்றி எழுதவே கூடாதா? எழுத வேண்டும். ஆனால் முதலில் திருப்பிப் பார்க்க வேண்டும். இது எதனால் ஆனது, யார் செய்தார், யார் தலையில் இருந்தது, யார் தலையில் இல்லை. இந்த நான்கு கேள்விகளுக்கும் இடது பக்கத்தில் பதில் எழுதிய பிறகு வலது பக்கம் போகலாம். அப்போது குறியீடு தேவைப்பட்டால் தானாக வரும். தேவைப்படாமலும் போகலாம்.

கதையைத் திரும்ப எழுதுகிறேன். இந்தத் தடவை கிராணி இருக்கிறார். அவரையும் சும்மா தீயவனாக்கிவிடக் கூடாது என்பதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது. அவர் ஏன் அந்தத் தொப்பியைப் போட்டார், கழற்றினால் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

போன மாதம் பாட்டியிடம் கேட்டேன், "அப்போ ஒங்க தலையில என்ன இருந்துச்சு பாட்டி?"

"துண்டுதான். அதுக்கு மேல கார்பைட் விளக்கு. பொழுது விடியறதுக்கு முன்னாடியே போகணும்ல."

"அந்தத் துண்டு எங்க?"

"கிழிஞ்சா அடுப்புத் துணியாக்கிடுவோம். அதை யாரு வச்சிருப்பா?" என்று சிரித்தார்.

என் அலமாரியில் பதினோரு தொப்பிகள் இருக்கின்றன. அந்தத் துண்டு இல்லை. காக்கித் தொப்பிக்கு அடியில் 'தோட்டத் துரை, 1930கள்' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். அதைக் கிழித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: 'அழுத்திய காகிதம், பருத்தித் துணி, பிளாஸ்டிக் பட்டை, நைலான் நூல்.' இப்போதைக்கு இதுதான் எனக்குத் தெரியும்.